தட்டை மேடையும் கண்ணுக்குத் தெரியாத ட்ராமும்

1. முதல் நாள்

நான் மேடை கட்டுகிறவள். சிட்னியின் டூங்கபிப் பகுதியில் பாதிப் பேருக்கு இது இன்னும் விளங்கவில்லை. ஒரு அன்ரி தொலைபேசியில் கூப்பிட்டு, தன் மகள் பெரியபிள்ளையானதற்கு வைக்கிற சாமத்தியவீட்டுக்குத் தாமரைப்பூ வைத்து ஒரு மேடை போட்டுத்தர முடியுமா என்று கேட்டார். நான் கட்டுவது வீடியோ கேமில் வருகிற மேடை என்று விளக்கினேன். "அப்ப பூ வராதோ பிள்ளை?" என்றார். வராது என்று சொல்லித் தொலைபேசியை வைத்தேன்.

இந்தத் துறைக்கு வரப்போகிற பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். பரமட்டாவில் இருந்த ஒரு சின்ன ஸ்டூடியோவில் நான் லெவல் டிசைனராகச் சேர்ந்தபோது நாற்பதைத் தாண்டியிருந்தேன். மற்ற எல்லாரும் என்னைவிட இளையவர்கள். முதலாளி ராகவ் கோயம்புத்தூர்க்காரர். கெட்டிக்காரப் புரோகிராமர், நல்ல மனிதர், ஆனால் எதையும் சும்மா இருக்க விடமாட்டார்.

நாங்கள் செய்தது பிளாட்ஃபார்ம் ஃபைட்டிங் என்கிற வகை ஆட்டம். வழக்கமான சண்டை ஆட்டத்தில் அடி வாங்கி உயிர்க்கோடு தீர்ந்தால் தோல்வி. இந்த வகையில் அப்படி இல்லை. மேடை ஆகாயத்தில் மிதக்கும். அடி வாங்க வாங்க ஆள் லேசாகிக்கொண்டே போவார். பிறகு விழுகிற ஒரு நல்ல அடி அவரைத் திரைக்கு வெளியே தூக்கிப் போட்டுவிடும். வெளியே போனால் ஓர் உயிர் போச்சு. அதனால் எங்களுக்கு மேடை என்பது வெறும் பின்னணிப் படம் அல்ல. ஆள் நிற்பதும் விழுவதும் அதில்தான்.

முதல் நாளே ராகவ் என்னை வெள்ளைப் பலகைக்கு முன்னால் ஒரு கதிரையில் இருத்தித் திட்டத்தைச் சொன்னார். மெல்பேர்ன் தெரு ஒன்று, குறுக்கே ட்ராம் பாய்ந்து வரும். பூங்கா ஒன்று, மக்பை பறவைகள் இறங்கித் தலையில் கொத்தும். கடற்கரை ஒன்று, அலை வந்து காலை வாரும். இப்படி மேடை தன்பாட்டில் செய்கிற சேட்டைகளுக்கு எங்கள் தொழிலில் ஹசார்ட் என்று பெயர். கேட்க நன்றாகத்தான் இருந்தது. நான் பல்கலைக்கழகக் காலத்திலிருந்து இந்த வகை ஆட்டங்களை ஆடி வருகிறவள். பலகையில் ஒன்று குறைந்தது உடனே தெரிந்தது.

"எல்லாம் சரி ராகவ். ஒண்டுமில்லாத மேடை எங்க?"

"ஒண்ணுமில்லாததுன்னா?"

"ஃப்ளாட். ஒரு தரை, ரெண்டு விளிம்பு. ஹசார்ட் இல்ல, மேல ஏறி நிக்கத் தட்டு இல்ல."

"அது ஸ்டேஜே இல்லீங்களே வதனி. லோடிங் ஸ்க்ரீன்."

அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு, அது இல்லாமல் போட்டி ஆடுகிற ஒருவரும் உங்கள் கேமைத் தொடமாட்டார் என்றேன். ராகவ் தலையைச் சொறிந்தார்.

"சரி, ஆசைப்படறீங்க. ஒரு மத்தியானத்துல முடிச்சிருவீங்கல்ல?"

2. ஒன்றுமில்லாததைக் கட்டுவது

ஒரு மத்தியானத்தில் முடியவில்லை. வாரக்கணக்கில் இழுத்தது. ட்ராம் மேடையை நான் அதைவிடச் சீக்கிரம் கட்டினேன் என்றால் நீங்கள் நம்பமாட்டீர்கள்.

ட்ராம் மேடையில் பிழை ஒளிந்துகொள்ளும். தரையில் இரண்டு துண்டு சேருகிற இடத்தில் ஆட்டக்காரனின் கால் கொஞ்சம் இடறினால் அவன் தண்டவாளம் என்று நினைத்துக்கொள்வான். தட்டை மேடையில் ஒளிய இடம் கிடையாது. தலைமயிர் அளவு பிசகு இருந்தாலும் கை உணர்ந்துவிடும். நான் முதலில் தரையை இரண்டு துண்டாகச் செய்து ஒட்டினேன். ஓடிவருகிற ஆள் சரியாக நடுவில் ஒரு கணம் தயங்கினார். கழற்றிப் போட்டுவிட்டு ஒரே துண்டாகச் செய்தேன். பிறகு விளிம்பு. விழப்போகிறவர் எட்டிப் பிடித்துத் தொங்குகிற இடம் அது. இடப்பக்கத்து விளிம்பும் வலப்பக்கத்து விளிம்பும் கண்ணாடியில் பார்த்ததுபோல ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் சற்று வழுக்கினால்கூட அந்தப் பக்கம் நிற்கிறவனுக்கு அநியாயம்.

தரையின் நிறத்துக்கும் சண்டை நடந்தது. எங்கள் ஆட்டத்தில் ஒரு பாத்திரம் வொம்பட், கரடிக்குட்டி மாதிரிக் கொழுத்த ஆஸ்திரேலிய விலங்கு. அது மண்ணிறம். தரையும் மண்ணிறமானால் வொம்பட் குனிவது தெரியாது. கடைசியில் மழைக்காலத்து ஓடு மாதிரி ஒரு சாம்பல் நிறத்தில் வந்து நின்றேன்.

ஓவியப் பிரிவில் இருந்த பெண் பின்னணி வானத்தில் ஒரே ஒரு குருவி வரைந்திருந்தாள். வடிவான குருவி. சோதித்துப் பார்த்த ஆட்டக்காரர் ஒருவர் அதைக் கண்டதும் குனிந்தார். மக்பை மேடையில் ஆடிப் பழகிய கை. பறவை தெரிந்தால் கொத்து விழும் என்று அந்தக் கைக்குப் பாடமாகிவிட்டது. குருவியை எடுக்கச் சொன்னேன். ஒரு குருவியைக்கூடவா விடமாட்டீர்கள் என்று அவள் கேட்டாள். விடமாட்டேன் என்றேன். கொஞ்ச நாள் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

எல்லாம் முடிந்தபின் ராகவ் வந்து என் திரையை எட்டிப் பார்த்தார்.

"இன்னும் ஆரம்பிக்கலையா?"

"முடிஞ்சுது," என்றேன்.

3. கஜனின் கட்சி

கேமைச் சோதிக்க வெளியிலிருந்து ஆட்டக்காரர்களைக் கூப்பிடுவோம். அவர்களில் ஒருவன் கஜன். முப்பதைத் தாண்டியவன். அகதியாகப் படகில் வந்தவன், வருடக்கணக்காகத் தற்காலிக விசாவில் இருக்கிறவன். குளிர்க் கிடங்கு ஒன்றில் பெட்டி தூக்குகிற வேலை. வேலை முடிந்து நேரே வரும்போது அந்தத் தடித்த ஜக்கெற்றைக் கழற்றாமலே கதிரையில் இருந்து விளையாடத் தொடங்கிவிடுவான்.

அவன் எப்போதும் வொம்பட்டைத்தான் எடுப்பான். வொம்பட்டின் அடி பலம், நடை மெதுவு. அவனோடு வழக்கமாக மோதுகிறவன் மித்துன். பென்டில் ஹில்லில் வளர்ந்த பல்கலைக்கழக மாணவன். அவன் எடுப்பது பல்லி. பல்லிக்குக் கிட்ட வரத் தேவையில்லை, தூரத்தில் நின்று கல்லெறியும்.

ஒரு நாள் தட்டை மேடையில் அடிவாங்கி முடித்த கஜன் என் பக்கம் திரும்பினான்.

"அக்கா, நீங்கள் கட்டினதுக்குள்ள எனக்குப் பிடிக்காத மேடை இதுதான்."

"ஏன்?"

"ஏறி நிக்க ஒரு தட்டு இல்ல. பல்லி அந்தப் பக்கம் நிண்டு எறியும். நான் இந்தப் பக்கத்தில இருந்து நடந்து போகவேணும். போறதுக்கிடையில சீவன் போயிடும். இது நியாயமான மேடை எண்டு மட்டும் சொல்லாதேங்கோ."

அவன் சொன்னது சரி. தட்டை மேடை கல்லெறிகிறவனுக்கு வசதி, மெல்ல நடக்கிறவனுக்குக் கஷ்டம். எங்கள் துறையில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம் இது. நான் மழுப்பவில்லை.

"நியாயம் எண்டு நான் சொல்லேல்ல தம்பி. இங்க நீர் வாங்கிற அடி எல்லாம் மித்துன் அடிச்சது. மேடை அடிச்சது ஒண்டும் இல்ல. அவ்வளவுக்குத்தான் நான் பொறுப்பு."

"ஆர் அடிச்சால் என்ன அக்கா, நோகிறது எனக்குத்தானே."

"நொந்தால் ஸ்ட்ரைக் பண்ணும்."

ஸ்ட்ரைக் என்பது போட்டிகளில் உள்ள வழக்கம். ஆட்டம் தொடங்குமுன் இருவரும் மாறி மாறித் தங்களுக்கு ஒவ்வாத மேடையை நீக்கிக்கொண்டு வருவார்கள். கடைசியில் மிஞ்சுகிற மேடையில் ஆட்டம். கஜன் அன்றிலிருந்து எந்த ஆட்டத்திலும் முதல் வேலையாகத் தட்டை மேடையை நீக்கினான். எனக்கு அதில் கோபமே வரவில்லை. ஒருவன் அஞ்சி விலக்குகிற மேடை உருப்படியான மேடை என்றுதான் நினைத்தேன்.

4. சுவிட்ச்

கேமை வெளியிட ஒப்புக்கொண்ட நிறுவனத்தின் ஆள் பிரெட். மெல்பேர்னில் இருந்தார். ஒரு நாள் வீடியோவில் வந்து எல்லா மேடைகளையும் பார்த்தார். அவர் ஆங்கிலத்தில் சொன்னதை நான் தமிழில் தருகிறேன். ட்ராம் பிரமாதம் என்றார். மக்பை பிரமாதம் என்றார். தட்டை மேடை வந்ததும், இதை முடிக்க மறந்துவிட்டீர்களா என்று கேட்டார். விளம்பரப் படத்தில் காட்ட ஒன்றுமில்லாத மேடைக்குக் கேமில் இடம் எதற்கு, எடுத்துவிடுங்கள் என்றார்.

அழைப்பு முடிந்ததும் ராகவ் கதிரையை என் பக்கம் உருட்டிக்கொண்டு வந்தார்.

"வதனி, ஒரு ஐடியா. ட்ராம் ஸ்டேஜ்ல ஒரு சுவிட்ச் வெச்சிடலாம். ஹசார்ட் ஆஃப். ட்ராம் வராது. அப்ப அதுவே ஃப்ளாட் தானே? எதுக்குத் தனியா ஒண்ணு?"

"அது ட்ராமுக்காகக் கட்டின இடம் ராகவ். ட்ராம் வராட்டியும் அது ஃப்ளாட் ஆகாது."

"யாருங்க கவனிக்கப் போறாங்க?"

"ஆடுறவை கவனிப்பினம்."

அடுத்த சனிக்கிழமை பென்டில் ஹில்லில் ஒரு மண்டபம் எடுத்து, ஆட்டக்காரர்களைக் கூப்பிட்டு ஒரு சின்னப் போட்டி வைப்பதாக இருந்தது. பிரெட் அதற்கு நேரில் வருகிறார். சுவிட்சை அங்கே காட்டலாம், அவருக்குப் பிடித்தால் தட்டை மேடையை எடுத்துவிடலாம் என்று ராகவ் முடிவு சொன்னார். அதுவரை இரண்டும் கேமில் இருக்கும்.

"அது போனால் நானும் போறன்," என்றேன்.

"மிரட்டறீங்களா?"

"இல்ல. சொல்லிவைக்கிறன்."

வீட்டில் என் மனுசன் குசினியில் சொதி காய்ச்சிக்கொண்டு நின்றார். விஷயத்தைக் கேட்டுவிட்டுக் கரண்டியோடு திரும்பினார். "வெறுந்தரை ஒண்டுக்காகவோ வேலையை விடப்போறீர்?" என்றார். ஓம் என்றேன். அவருக்கு விளங்கவில்லை. எனக்குமே அன்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை, கோபம் மட்டும்தான் இருந்தது.

இப்போது சொல்லத் தெரியும். வென்றவனிடம் "உனக்கு அதிர்ஷ்டம்" என்பார்கள். தோற்றவனிடம் "உன் நேரம் சரியில்லை" என்பார்கள். இரண்டும் எனக்குப் பொறுக்காத பேச்சு. ஒருவன் வேலைக்களைப்போடு வந்து, அடிபட்டு, திரும்பத் திரும்பப் பழகிய கையை ஒரு ட்ராம் வந்து தட்டிவிட்டுப் போவது பகிடிதான். நானே அந்த ட்ராமை ஓடவிட்டவள், நானும் சிரித்திருக்கிறேன். ஆனால் அந்தக் கைக்குப் பகிடி இல்லாத ஓர் இடமும் இருக்கவேண்டும். எல்லா இடத்தையும் பகிடிக்குக் கொடுத்துவிட முடியாது.

5. பென்டில் ஹில் மண்டபம்

சனிக்கிழமை மத்தியானம். மண்டபத்தில் மேசைகளை இழுத்துப் போட்டுத் திரைகளை வைத்தோம். ஒரு மூலையில் தட்டம் நிறைய மட்டன் ரோல்ஸ். பிரெட் வந்ததும் இரண்டைக் கையில் எடுத்துக்கொண்டு, எல்லாரோடும் நன்றாகவே பழகினார். மோசமான மனிதர் இல்லை. அவருக்குச் சத்தம் பிடிக்கும், அவ்வளவுதான்.

சுவிட்சை ராகவ்தான் முந்திய நாள் அவசர அவசரமாக எழுதி முடித்திருந்தார். ட்ராம் மேடைக்கு மட்டும் அது தயார். போட்டியில் அந்த மேடை சுவிட்ச் போட்டபடியே இருக்கும், ட்ராம் வராது என்று ஒலிவாங்கியில் அறிவித்தார். சுற்றுகள் ஓடின. ஒரு குறையும் தெரியவில்லை. ராகவ் என்னைக் கடந்து போகும்போதெல்லாம் புருவத்தைத் தூக்கிக் காட்டினார். எனக்கு உள்ளுக்குள் எரிந்தது.

இறுதி ஆட்டத்துக்கு வந்தவர்கள் கஜனும் மித்துனும். கஜன் வழக்கம்போல முதல் வேலையாகத் தட்டை மேடையை நீக்கினான். மித்துன் மக்பையை நீக்கினான். கஜன் கடற்கரையை நீக்கினான். மிஞ்சியது ட்ராம். பிரெட் முன்வரிசையில் கதிரையைப் போட்டுக்கொண்டார்.

கஜனின் ஆட்டங்கள் எப்போதும் நீளும். வொம்பட் அவசரப்படாது. தடுக்கும், நடக்கும், தடுக்கும், நடக்கும். மற்றவர்களின் ஆட்டம் முடிந்து அடுத்த சோடி வந்து இருந்திருக்கும் நேரத்தில் இவர்கள் இன்னும் ஆடிக்கொண்டிருந்தார்கள். இருவருக்கும் கடைசி உயிர். மித்துனின் கல் ஒன்று பட்டு வொம்பட் மேடைக்கு வெளியே போனது. கஜன் எப்படியோ விளிம்பை எட்டிப் பிடித்துத் தொங்கினான். பல்லி மேடையின் நடுவில் நின்று அடுத்த கல்லை ஓங்கியது. அது விழுந்தால் கஜன் கதை முடிந்தது.

அந்த நேரம் பல்லி தூக்கி எறியப்பட்டது. கிட்ட ஒருவரும் இல்லை. ஒருவரும் அடிக்கவில்லை. நின்ற இடத்திலிருந்து பக்கவாட்டில் பறந்து திரைக்கு வெளியே போய்விட்டது.

மித்துன் தன் கையில் இருந்த கொன்ட்ரோலரைப் பார்த்தான். "வாட்? நான் ஒண்டும் அமத்தேல்லயே," என்றான்.

எனக்கு விளங்கிவிட்டது. ராகவின் முகத்தைப் பார்த்தேன். அவருக்கும் விளங்கிவிட்டது.

எங்கள் கேமில் ஒரு பொருளுக்குப் படம் வேறு, உடம்பு வேறு. கண்ணுக்குத் தெரிவது படம். இடிப்பது ஹிட்பாக்ஸ் என்கிற உடம்பு. ராகவ் அவசரத்தில் ட்ராமின் படத்தை அணைத்திருந்தார், மணிச் சத்தத்தை அணைத்திருந்தார். உடம்பை அணைக்க விட்டுப்போயிற்று. ட்ராம் வர நெடுநேரம் எடுக்கும். மற்ற ஆட்டங்கள் அதற்குமுன் முடிந்துவிட்டன. கஜனின் வொம்பட் மட்டும்தான், அதுவும் இந்த இறுதி ஆட்டத்தில்தான், ட்ராம் வரும்வரை ஆட்டத்தை இழுத்தது. அவன் விளிம்புக்குக் கீழே தொங்கியதால் ட்ராம் அவன் தலைக்கு மேலால் போய்விட்டது.

யாரோ "ட்ராம், ட்ராம்" என்று கத்தினார்கள். மண்டபம் முழுக்கச் சிரிப்பு. பிரெட் எழும்பி நின்று கைதட்டினார். கண்ணுக்குத் தெரியாத ட்ராம், இதைவிட நல்ல விளம்பரம் கிடைக்காது, இது கேமில் இருந்தே ஆகவேண்டும் என்று என் காதுக்குக் கிட்ட வந்து சொன்னார். நான் பிழை வெளிப்பட்டுவிட்டது, இனித் தப்பினோம் என்று நினைத்த அதே கணத்தில் அவர் அந்தப் பிழையையே கேட்டார்.

பிரெட் சந்தோஷப்பட்டதைக் கண்டதும் ராகவுக்கு உயிர் வந்தது. ஒலிவாங்கியை எடுத்தார். "நம்ம வின்னர், கஜன்!"

கஜன் எழும்பவில்லை.

"அண்ணை, நான் அடிக்கேல்ல."

"பரவால்லங்க, கேம்ல இதெல்லாம் சகஜம்."

"உங்கட கேமில சகஜமா இருக்கலாம். நான் அடிக்கேல்ல. அவன் விழுந்தது என்னால இல்ல."

"ஜெயிச்சது ஜெயிச்சதுதாங்க. எந்திரிங்க, ஃபோட்டோ எடுக்கணும்."

கஜன் என்னைத் தேடித் திரும்பினான்.

"அக்கா, ஃப்ளாட்டைப் போடுங்கோ."

மித்துன்தான் முதலில் வாய் திறந்தான். "அண்ணா, யூ ஹேட் ஃப்ளாட்."

"ஓம்."

"அதில நான் உங்கள ஈஸியா அடிப்பன் அண்ணா."

"அடியும். அங்க விழுந்தால் தள்ளினது ஆர் எண்டு எனக்குத் தெரியும்."

சிரிப்பு நின்றுவிட்டது. நான் போய் ராகவின் கையிலிருந்து ஒலிவாங்கியை வாங்கினேன். அவர் விட்டார். இறுதி ஆட்டம் மறுபடி நடக்கும், தட்டை மேடையில் என்று சொன்னேன்.

சாம்பல் தரை, இரண்டு விளிம்பு, வெறும் வானம். பல்லி அந்தக் கரையில், வொம்பட் இந்தக் கரையில். மித்துன் இரக்கம் காட்டவில்லை, காட்டியிருந்தால் நான் அவனை மதித்திருக்கமாட்டேன். கல்லுக்கு மேல் கல் வந்தது. கஜன் தடுத்தான், ஓர் எட்டு வைத்தான், தடுத்தான், ஓர் எட்டு வைத்தான். ஒரு முறை கிட்டப் போய்ச் சேர்ந்து பல்லியை ஒரே அடியில் வெளியே அனுப்பினான். மண்டபம் கூரை கிளம்பக் கத்தியது. இன்னொரு முறையும் போய்ச் சேர்ந்தான். பிறகு போய்ச் சேர முடியவில்லை. கடைசிக் கல் வந்தது. வொம்பட் விழுந்தது.

கஜன் கொன்ட்ரோலரை மேசையில் மெதுவாக வைத்தான். மித்துனின் கையைப் பிடித்துக் குலுக்கினான். "வடிவாய் அடிச்சீர்," என்றான். பிறகு ரோல்ஸ் தட்டத்தைப் பார்த்துப் போனான். ட்ராமுக்குச் சிரித்த அதே மண்டபம் எழும்பி நின்று இருவருக்கும் கைதட்டியது.

6. திங்கட்கிழமை

பிரெட் வீடியோவில் வந்தார். மண்டபத்தில் நடந்ததில் அவருக்கு ஞாபகம் இருந்தது ட்ராம் மட்டும். கண்ணுக்குத் தெரியாத ட்ராமைச் சும்மா விடக்கூடாது, அதை ஓட விடுவதற்குப் பொருத்தமான இடம் அந்த வெறும் மேடைதான் என்றார். ஒன்றுமில்லை என்று நம்பி நிற்பார்கள், திடீரென்று அடிபட்டுப் பறப்பார்கள், எவ்வளவு வேடிக்கை என்று கேட்டார்.

நான் முடியாது என்றேன். வேறு எந்த மேடையிலும் ட்ராம் விடுகிறேன், வெள்ளம் விடுகிறேன், கங்காரு விடுகிறேன், எல்லாவற்றையும் நானே கட்டித்தருகிறேன். இதில் விடமாட்டேன். ஒன்றுமில்லை என்று நம்பி நிற்கிறவனை இடிக்கிற வேலைக்கு நான் வரவில்லை என்றேன்.

ஒரு வெறுந்தரைக்காக யாராவது கேம் வாங்குவார்களா என்று பிரெட் கேட்டார்.

"அதுக்காக வாங்கமாட்டினம். வாங்கினபிறகு அதிலதான் இருப்பினம்," என்று தமிழில் ராகவிடம் சொல்லிவிட்டுப் பிறகு ஆங்கிலத்தில் அவருக்குச் சொன்னேன்.

வேறு ஆளை வைத்து அதைச் செய்யலாம் என்று அவர் ராகவிடம் சொன்னார். நான் அங்கே இல்லாததுபோலச் சொன்னார். நான் என் மேசையில் இருந்த கோப்பையையும் குடையையும் எடுத்துப் பைக்குள் வைத்தேன். நடிப்பில்லை. உண்மையாகவே போகத்தான் எழும்பினேன்.

ராகவ் பிரெட்டிடம், தட்டை மேடை அப்படியே இருக்குமென்றும், ட்ராம் சுவிட்சைத் தானே திருத்தி எழுதப்போவதாகவும், விளம்பரத்துக்கு மற்ற மேடைகளை எடுத்துக்கொள்ளும்படியும் ஆங்கிலத்தில் சொன்னார். பிரெட் தோளைக் குலுக்கினார். அந்த வீடியோ அழைப்பு அதோடு முடிந்தது.

"பைய வெச்சிட்டு உக்காருங்க," என்றார் ராகவ்.

"ஏன் மனசு மாறினது?"

அவர் கதிரையை இங்கும் அங்கும் திருப்பினார்.

"நான் மைக்ல வின்னர்னு சொல்லிட்டேன். பிரெட்டும் கைதட்டிட்டார். அதுக்கப்புறம் அந்த ஆள் வேணாம்னு திருப்பிக் குடுத்தார் பாருங்க. நானா இருந்தா குடுத்திருப்பேனான்னு ரெண்டு நாளா யோசிக்கறேன். தெரியலங்க."

தட்டை மேடை கேமில் வந்தது, பயிற்சிப் பகுதியில் ஒதுக்கப்படாமல், மற்ற மேடைகளோடு சரிசமமாக. அடுத்த கேமில் மேடைகளை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டு எனக்கு மெனுப் பொத்தான்களைத் தந்தார்கள். பிரெட்டின் வேலை என்று எனக்குத் தெரியும். பொத்தான்களையும் ஒழுங்காகத்தான் செய்தேன். பிறகு வேறு இடத்தில் மேடை வேலை கிடைத்துப் போனேன். ராகவுக்கும் எனக்கும் மனத்தாங்கல் ஒன்றும் இல்லை. கஜனுக்கு விசா விஷயம் இன்னும் இழுபடுகிறது. எந்தப் போட்டிக்கு வந்தாலும் முதல் வேலையாக அவன் என் மேடையை நீக்குகிறான். நீக்கட்டும். ஒருவன் நீக்குவதற்காவது அது அங்கே இருக்கவேண்டும்.

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு என் அனுபவத்தில் சொல்ல இவ்வளவுதான் உண்டு. வெறுமையாக எதையாவது கண்டால் உடனே அதற்குள் ஏதாவது போடவேண்டும் என்று கை துறுதுறுக்கிறவர்கள் உங்களுக்கு மேல் எப்போதும் இருப்பார்கள். அவர்களோடு சண்டை பிடியுங்கள். சண்டையில் "இது எல்லாருக்கும் சமம்" என்று மட்டும் சொல்லாதீர்கள். அது பொய். கஜனைப்போல ஒருவன் எழும்பி மறுப்பான், அவன் சொல்வது சரியாகவும் இருக்கும். உங்களால் எதற்குப் பொறுப்பு நிற்க முடியுமோ அதை மட்டும் சொல்லி, அதில் அசையாமல் நில்லுங்கள். குருவியைக்கூட விடாதீர்கள்.

ட்ராம் மேடையில் தோற்றவர்கள் இன்றைக்கும் இணையத்தில் என்னைத் திட்டுகிறார்கள். இதைக் கட்டினவள் யார், கையில் கிடைத்தால் விடமாட்டோம் என்று எழுதுகிறார்கள். தட்டை மேடையில் தோற்றவர் ஒருவரும் இதுவரை என்னைத் தேடி வந்ததில்லை. அவர்கள் எதிராளியைத் தேடிப் போகிறார்கள், இன்னொரு ஆட்டம் ஆடுவோம் வா என்று.